டார்லா பேரில் ஒரு சேவல்

கிழக்கு வெளுக்க இன்னும் சிறிது நேரம் இருந்தது. வெர்லின் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்துக் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தான். தொடைமேல் மரப்பெட்டி. மூடியை உரசினால் பெட்டை வான்கோழியின் குரல் வரும். நடக்கும்போது தானாக உரசிவிடாமல் இருக்க, பெட்டியைச் சுற்றி ஒரு பெண்ணின் தலைமுடி ரப்பர் போட்டிருந்தது. ஊதா நிறம். நைந்துபோயிருந்தது.

பக்கத்து மரத்தடியில் பல் டாக்டர். தலைமுதல் கால்வரை இலை வண்ணத் துணி, எல்லாம் புதிது. நகரத்திலிருந்து வருஷம் தவறாமல் வேட்டைக்கு வருகிறவர். அவருக்கு வழிகாட்டி வெர்லின்தான்.

வெர்லின் வாயருகே கைகளைக் குவித்து ஆந்தைபோல ஒருமுறை கத்தினான். மலைமுகட்டிலிருந்து ஒரு வான்கோழிச் சேவல் பதிலுக்குக் கொக்கரித்தது. இன்னொன்று வருமா என்று காத்திருந்தான். வரவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மரத்தடியில் உட்கார்ந்து பதினொரு குரல் எண்ணியிருக்கிறான்.

"ஒண்ணுதானா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுதான். துப்பாக்கியை மடியில வச்சுக்கங்க டாக்டர். பருவத்தோட முதல் வாரத்துல ஆளுக்கு ஒண்ணு. உங்களோடது திங்கக்கிழமையே முடிஞ்சுது. இன்னிக்குப் பார்க்கறது மட்டும்தான்."

"ராய்ஸ்கிட்ட பேசிட்டேன்ப்பா. நீ கூப்பிடு, போதும்."

வெர்லின் ரப்பரைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டான். மூடியை மெதுவாக இருமுறை உரசினான். வெளிச்சம் வந்தது. சேவல் மரத்திலிருந்து இறங்கும் சிறகடிப்பு கேட்டது. பிறகு கால்மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சரிவின் மேட்டில் முதலில் வெள்ளையும் நீலமுமாகத் தலை தெரிந்தது, பிறகு விரித்த வால். இறக்கை நுனிகள் சருகைக் கீற, நெஞ்சிலிருந்து தொங்கிய தாடி தரையைத் தொட, அது பெட்டையைத் தேடி நேராக வந்தது. முப்பது அடி.

டாக்டர் சுட்டார்.

அது சருகில் புரண்டு அடங்கும்வரை வெர்லின் அதன் கழுத்தை மிதித்துக்கொண்டு நின்றான். டாக்டர் சிரித்தபடி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடைந்த ஈரச் சருகின் வாசனையோடு வெடிமருந்துப் புகை கலந்திருந்தது.

பாதையில் டிரக்கோடு ராய்ஸ் காத்திருந்தார். வேட்டை விடுதியின் முதலாளி. வெர்லின் பறவையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பர்ஸிலிருந்து தன் பேருக்கு அரசாங்கம் கொடுத்த வேட்டைச் சீட்டை எடுத்தான். விருந்தாளி கணக்குக்கு மேல் சுட்டுவிட்டால் வேலைக்காரன் ஒருவன் பேரில் பதிவது அந்த விடுதியில் வழக்கம். அதற்காகவே மார்ச் மாதம் எல்லார் பேரிலும் விடுதியே சீட்டு வாங்கிவிடும்.

"உள்ள வை தம்பி," என்றார் ராய்ஸ். "உன் சீட்டு வேண்டாம். இந்த வருஷம் நீ உனக்குன்னு ஒண்ணு சுடு. நவம்பர்லேர்ந்து நீ ஒரு நாள்கூட லீவு எடுக்கலை. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

வெர்லின் சீட்டை மடித்து உள்ளே வைத்தான். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மத்தியானம் டிரெய்லர் வீட்டுக்குப் போனான். விடுதிக்குப் பின்னால், ஓடைப் பக்கம், விடுதிக்குச் சொந்தமான, சக்கரம் வைத்த தகர வீடு. கதவுக்குப் பக்கத்து ஆணியில் மனைவி டார்லாவின் கோட்டு தொங்கியது. காலையில் செய்த பிஸ்கட் ரொட்டி இரண்டு மீதி இருந்தன. நின்றபடி தின்றான். உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டு ஐந்து மாதம் ஆகிறது.

படுக்கைப் பக்கம் ஏதோ அதிர்ந்தது.

டார்லாவின் போன். அவன் அதை அணைத்ததில்லை. தினமும் சார்ஜ் போட்டு அவள் பக்கத்து மேசையில் வைப்பான். நவம்பரில், மான் வேட்டைப் பருவத்தின் இரண்டாவது சனிக்கிழமை, அவன் ஒரு விருந்தாளியோடு மரத்துமேல் பரணில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் போனிலிருந்துதான் அவள் ஆறு முறை கூப்பிட்டாள். காட்டில் போனை அணைத்துவைக்க வேண்டும் என்பது விடுதி விதி. ரத்தத்தில் கிருமி என்றார்கள். ஆஸ்பத்திரி ஒன்றேகால் மணி நேரத் தூரம். செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்தது.

மாதக்கணக்கில் இருண்டு கிடந்த திரையில் வேட்டைத் துறையின் செய்தி இருந்தது.

வாழ்த்துகள், டார்லா. உங்கள் வான்கோழி பதிவு செய்யப்பட்டது. சேவல், முதிர்ந்தது. காலை 6.52.

மறுபடியும் படித்தான். திரை தானாக அணைந்தது. தொட்டு எழுப்பி மூன்றாம் முறை படித்தான்.

அலுவலக அறையில் நெல்டா காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தாள். ராய்ஸின் அக்கா. விடுதி தொடங்கிய நாளிலிருந்து கணக்கு, சீட்டு, சாவி எல்லாம் அவள் கையில்தான். அவன் போனை அவள் முன்னால் வைத்தான். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தாள். கண்ணாடியை மறுபடியும் மேலே ஏற்றவில்லை.

"பழைய லிஸ்டுதான் கண்ணு," என்றாள். "வருஷா வருஷம் மேலேர்ந்து கீழ ஒவ்வொரு பேரா வாங்கிட்டு வருவேன். சமையல்கட்டுல வேலை பார்க்கறவங்க பேரெல்லாம் கடைசியில. அவ பேரை லிஸ்டுலேர்ந்து எடுக்கணும்னு தோணவே இல்ல. கை பாட்டுக்குப் போயிடுச்சு."

"ராய்ஸுக்குத் தெரியுமா?"

அவள் கோப்பையைத் துடைத்தாள். உள்ளறையிலிருந்து ராய்ஸே பதில் சொன்னார்.

"ஒண்ணு சும்மாக் கெடந்துச்சு தம்பி. உன்னோடதை வீணாக்க வேண்டாம்னுதான். அவ இருந்தப்பவும் இப்படித்தானே."

அது உண்மை. நான்கு வருஷமாக டார்லா பேரில் விருந்தாளிகளின் பறவைகள் பதிவாகியிருந்தன. வெர்லினே பதிந்திருக்கிறான். அவள் துப்பாக்கி பிடித்ததில்லை. அடுப்படியில் கிரேவியைக் கிளறிக்கொண்டே, "இன்னிக்கு நான் எத்தனை மணிக்குச் சுட்டேன்? அப்ப வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேனே," என்பாள். சமையல்கட்டே சிரிக்கும்.

"அப்ப அவ இருந்தா," என்றான் வெர்லின்.

"சரி விடு. யாரு பார்க்கப் போறாங்க?"

வெள்ளிக்கிழமை ராய்ஸ் டிரெய்லருக்கு வந்தார். இதுவரை படியேறி உள்ளே வந்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ப்ரூயெட் வந்திருக்கான். அங்க நெல்டாகிட்ட காப்பி குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கான்." ப்ரூயெட் அந்தப் பக்கத்து வேட்டைக் காவலர். "கம்ப்யூட்டர் ரெண்டு லிஸ்டுலயும் அவ பேரைக் காட்டிடுச்சாம். செத்தவங்க லிஸ்டும் சீட்டு லிஸ்டும்."

வெர்லின் கதவைச் சாத்தினான்.

"இங்க பாரு தம்பி. நான்னு சொன்னா விடுதியை மூடிடுவாங்க. பதினொரு பேரு பொழப்பு. நீன்னு சொன்னா, பொண்டாட்டி போன துக்கத்துல பையன் புத்தி தடுமாறிட்டான்னு விட்டுடுவாங்க. எந்த ஜட்ஜு உன்னைக் கடிப்பான்?"

"நான் அவ பேரைப் போடலை."

"அது நமக்குத் தெரியும்ப்பா." ராய்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலில் டார்லா தைத்த திரை, ஆணியில் கோட்டு, படுக்கையில் ஒரு பக்கம் மட்டும் கசங்கிய விரிப்பு. "இந்த வீடு உன்னோடதுன்னே வச்சுக்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் இரு. நான் காலி பண்ணச் சொல்லவே மாட்டேன்."

காலி பண்ணச் சொல்லலாம் என்பதே வெர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது.

ப்ரூயெட் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பஸ்ஸில் ஒரே இருக்கை. சீருடையோடு டிரெய்லர் படியில் வந்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்துப் படியைத் தட்டினான். வெர்லின் உட்கார்ந்தான்.

"டேய், புதன்கிழமை காலையில டார்லா எங்க இருந்தா?"

"உனக்குத் தெரியாதா? அவ சவப்பெட்டியைத் தூக்கினதுல நீயும் ஒருத்தன்."

"ஆமா. இடது பக்கம், நடுவுல. அதனாலதான் ஆபீஸ்ல வச்சுக் கேக்காம இங்க வந்து கேக்கறேன்."

ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"நாலு வருஷத்துல எட்டு சேவல் அவ பேர்ல," என்றான் ப்ரூயெட். "இந்த ஜில்லாவுலயே அவளுக்குச் சமமா சுட்டவங்க ரெண்டு பேருதான். அந்த ரெண்டு பேரும் நெல்டாவோட லிஸ்டுல இருக்காங்க. முகட்டுல இப்ப சேவல் கத்தறதே கேக்கலைன்னு ஊரெல்லாம் நரியைத் திட்டறாங்க."

"நான்தான் சுட்டேன். அவ பேர்ல போட்டேன்."

ப்ரூயெட் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டா உறையை எடுத்துப் படியில் நிறுத்தி வைத்தான்.

"மரத்தடியில கெடந்துச்சு. இந்த ரகம் உள்ளூர்க் கடையில கிடையாது. உன் துப்பாக்கி உங்கப்பாவோடது, இது அதுக்குள்ள நுழையாது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

வெர்லின் உறையைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"ராய்ஸ் சொல்லச் சொன்னாரா?"

"நான்தான் சுட்டேன்."

"கடைசியா கேக்கறேன்டா. நீ வேற மாதிரி சொன்னா நான் வேற மாதிரி எழுதுவேன். எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது."

காற்றில் ஜன்னல் திரை வெளிப்பக்கமாக ஒருமுறை வந்து போனது. வெர்லின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுது," என்றான்.

ப்ரூயெட் எழுதினான். நேரம் எடுத்துக்கொண்டு எழுதினான். கையெழுத்து வாங்கினான்.

"உன் சீட்டையும் குடு. கோர்ட் முடியற வரைக்கும் காட்டுக்குள்ள போகாத. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் வேட்டைக்குத் தடை போடுவாங்க, குறைஞ்சது. வான்கோழி கூப்பிடற பெட்டியை வேணா வச்சுக்க. ஆனா வேட்டைக்கு வந்தவன் பக்கத்துல உட்கார்ந்து அதை உரசாத. குரல் கொடுக்கறதும் வேட்டைதான், சட்டத்துல." எழுந்தான். தோட்டா உறையை எடுத்துக்கொள்ள மறந்தவன்போல நடந்து, பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை விடியுமுன் வெர்லின் வழக்கம்போல டிரக் பக்கம் போனான். டிரக்கில் வேறொருவன் இருந்தான். கோல்பி என்று பேர், தெற்கேயிருந்து வந்தவன், இருபத்து நான்கு வயசிருக்கும். ராய்ஸ் வெர்லினைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"காட்டுக்குள்ள போகக்கூடாத ஆளை நான் எப்படிப்பா அனுப்பறது? விடுதி பேரு கெட்டுடும். கொட்டகையில பறவை சுத்தம் பண்ற வேலை இருக்கு. அதைப் பாரு."

"சரி."

"அப்புறம் இந்தப் பையன். இப்போதைக்கு விருந்தாளி அறையில படுக்கறான். அது எத்தனை நாளைக்கு? அவனுக்கும் தங்க ஒரு இடம் வேணும்." ராய்ஸ் தொப்பியைச் சரிசெய்தார். "பருவம் முடியற வரைக்கும் இரு. நான் அவசரப்படுத்தலை."

கொட்டகை தகரக் கூரை. நடுவில் நீளமான எவர்சில்வர் மேசை, ஒரு ரப்பர் குழாய், கீழே இறகுக்கு ஒரு பீப்பாய். வெர்லின் காலை முழுவதும் கத்தி தீட்டிக்கொண்டு, வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தான். முகட்டில் ஒரு சேவல் கொக்கரித்தது. மறுபடியும் ஒரு குரல் கேட்டது. எதிரொலியா வேறொன்றா என்று காது கொடுத்தான். அதே ஒன்றுதான், இடம் மாறிக் கத்துகிறது. எந்த மரத்திலிருந்து இறங்கியிருக்கும், எந்தச் சரிவு வழியாக வரும், எங்கே நின்று தயங்கும் எல்லாம் அவனுக்குத் தெரியும். கோல்பி பெட்டியை உரசும் குரல் கேட்டது. அவசரப்படுகிறான், நிறையக் கூப்பிடுகிறான். வெர்லினின் விரல்கள் மேசைமேல் ஒருமுறை அசைந்தன.

எட்டேகாலுக்கு ஒரு வெடி. அதன்பிறகு முகடு சும்மா இருந்தது.

டிரக் வந்தது. டாக்டர் பறவையின் கால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வந்திருந்தார். இரண்டாவது வாரம், அவருடைய சீட்டில் இரண்டாவது சேவல். யாரும் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை.

"என்னப்பா வெர்லின், உன்னை இங்க தள்ளிட்டாங்களா?" என்றார். "கேள்விப்பட்டேன். பாவம், மனசு ஒரு நிலையில இருந்திருக்காது."

"வாலைக் கீறல் விழாம எடு தம்பி," என்றார் ராய்ஸ். "புதன்கிழமை எடுத்ததும் இதுவும் சுவர்ல மாட்ட ஒரே பலகையில வரப்போகுது. டாக்டர் பேரைப் பித்தளையில வெட்டச் சொல்லியாச்சு."

வெர்லின் பறவையை மல்லாத்தினான். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. தாடியை வேரோடு அறுத்து ஓரமாக வைத்தான். வாலின் அடியில் கத்தியை விட்டுச் சுற்றிக் கீறி, வால் விசிறியை முழுதாகக் கழற்றிக் கொடுத்தான். டாக்டர் வாங்கி விரித்துப் பார்த்தார். புதன்கிழமை விசிறியையும் நெல்டா உள்ளேயிருந்து கொண்டுவந்தாள். உப்பு போட்டு அட்டையில் குத்தி வைத்திருந்தது. அவள் வெர்லினைப் பார்க்காமல் அதை மேசை ஓரம் வைத்துவிட்டுப் போனாள்.

அவன் சட்டைப் பையில் ஏதோ அதிர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போனை டிரெய்லரில் விட்டு வர அவனுக்கு மனசு வரவில்லை.

இரண்டு கைகளையும் கால்சட்டையில் துடைத்தான். கட்டைவிரலில் ஒட்டிய இறகு போகவில்லை. அப்படியே எடுத்துப் பார்த்தான்.

டார்லா, உங்கள் சீட்டில் இன்னும் ஒரு சேவல் மீதமுள்ளது. பருவம் முடிய பதின்மூன்று நாட்கள். பாதுகாப்பாக வேட்டையாடுங்கள்.

"யாருப்பா?" என்றார் ராய்ஸ்.

"டார்லாவுக்கு."

ராய்ஸ் கேட்டாரா என்று தெரியவில்லை. டாக்டரைக் கொட்டகை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இரண்டு விசிறிகளையும் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோல்பி போனை உயர்த்திப் படமெடுக்கத் தயாராக நின்றான். வெர்லின் போனைப் பையில் போட்டு, குழாயைத் திறந்து, பறவையின் நெஞ்சைக் கழுவத் தொடங்கினான்.

"அண்ணே," என்றான் கோல்பி. "கொஞ்சம் தள்ளிக்கங்க. படத்துல விழறீங்க."

வெர்லின் தள்ளிக்கொண்டான்.