பச்சைக்குப் பச்சை

பச்சைத் துணி கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்திருக்கிறேன், பதினான்கு மாடிக்குக் கீழே எழும்பூர் நிலையத்தின் தண்டவாளங்கள் காலை வெயிலில் நனைந்ததுபோல் கிடக்கின்றன, தென்காசி வண்டி இன்னும் வரவில்லை, கை வலிக்கிறது, இந்த வலி பழையதுதான், மானாமதுரை ரயில்வே குடியிருப்பின் பின்சுவரில் ஏறி நானும் தங்கை பூரணியும் அம்மாவின் பழைய சேலைத் துண்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நிற்போம், கடைசிப் பெட்டியின் வாசலில் கார்டு உடுப்பில் அப்பா வருவார், பச்சைக் கொடியை நீட்டுவார், நாங்கள் ஆட்டுவோம், வீட்டுக்கு வந்ததும் சொல்வார், பச்சைக்குப் பச்சை காட்டணும்டி, காட்டலேன்னா அங்கே ஏதோ சரியில்லேன்னு அர்த்தம், வண்டிய நிறுத்திப் பாக்கணும், ஏம்ப்பா, நாங்க தூங்கிட்டா நிறுத்திருவியா என்கிறாள் பூரணி, நிறுத்தி, இறங்கி வந்து, ரெண்டு கழுதையையும் எழுப்பிட்டுத்தான் போவேன்.

பூரணி போன அன்று அப்பா உயிரோடு இல்லை, தனக்குப் பிடித்தவரைப் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டு அவள் பெட்டி வாசலில் நிற்கிறாள், படுக்கையில் கிடந்த அம்மாவை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாள் என்ற கோபத்தோடு நான் நடைமேடையில் நிற்கிறேன், வண்டி நகர்ந்ததும் பச்சைத் துப்பட்டாவை எடுத்து ஆட்டினாள், வளைவு வரை ஆட்டினாள், என் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன, யாரும் வண்டியை நிறுத்தவில்லை, பத்தொன்பது வருடம்.

போன மாதம் சித்தப்பா சொன்னார், பூரணி மகளைக் காலேஜ்ல சேக்க அடுத்த மாசம் தென்காசி வண்டியில மெட்ராஸ் போறாளாம், அன்றே கடிதம் எழுதினேன், நிலையத்தை ஒட்டிய உயரமான ஹோட்டலில் இருப்பேன், பச்சை காட்டுவேன், நடைமேடைக் கூரை முடிகிற இடத்தில் நின்று பார், மனமிருந்தால் பதிலுக்குக் காட்டு, இறங்கி வருகிறேன், இல்லையென்றால் உன் வழியில் போ. எதிரில் போய் நின்றால் அவளுக்கு முகத்தைத் திருப்ப இடமிருக்காது, திருப்பினால் அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அந்தப் பக்கம் ஒரே ரயில் சத்தம் மேடம், எல்லாரும் வேற பக்கந்தான் கேப்பாங்க என்றாள் நேற்று வரவேற்பில் இருந்த பெண், எனக்கு அதுதாம்மா வேணும்.

கதவு தட்டப்படுகிறது, அறை துடைக்க வந்த ரோசலின், என் வயதிருக்கும், இன்னாம்மா, துணி காயப்போட்றியா, பாத்ரூம்ல கயிறு கீதே, மேனேஜர் பாத்தா என்னியத்தான் கத்துவாரு, காயப்போடலம்மா, கீழே தங்கச்சி வரா, அவளுக்குக் காட்டுறேன், சிரிக்கிறாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு பக்கத்தில் வருகிறாள், வெளியேருந்து ஒண்ணியும் தெரியாதும்மா, தெனம் பாத்துனுதான வரேன், கண்ணாடி பூரா வானந்தான் தெரியும், திறக்க முடியாதா என்கிறேன், எல்லாத்தையும் மூடி அடிச்சு வச்சிக்கிறாங்க.

வண்டி உள்ளே வருகிறது. இனி லிப்டில் இறங்கி, சாலையைக் கடந்து, படியேறிப் போவதற்குள் அவள் போய்விடுவாள், கைகள் கண்ணாடியை விட்டு வரவில்லை, பச்சை காட்டியும் காட்டாதவளாகவே நிற்கிறேன், இரண்டாம் முறை, கூட்டம் இறங்குகிறது, கலைகிறது, கூரை முடிகிற இடத்தில் வெயில் மட்டும்.

யம்மா, அங்க பாரு, யாரோ நம்ம பில்டிங்கப் பாத்து ஆட்றாங்க.

இரண்டு பேர், ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை, நடுவில் பச்சைத் துணி, ஆளுக்கொரு முனை, எந்த ஜன்னல் என்று தெரியாது, நான் இருக்கிறேனா என்றே தெரியாது, அவர்களுக்கு இங்கே தெரிவது வெறும் வானம், அதற்கு ஆட்டுகிறார்கள், கட்டடம் மெல்ல நகர்கிறது, நான் கடைசிப் பெட்டியின் வாசலில் நிற்கிறேன், சுவர்மேல் இரண்டு பெண்கள், அப்பா, நீங்கள் தினமும் பார்த்தது இதுதானா, அழுவாத, நான் போயி லிப்ட நிறுத்தி வைக்கிறேன், ஓடியா என்கிறாள் ரோசலின், கண்ணாடியிலிருந்து துணியை எடுக்கிறேன், அது இருந்த இடத்தில் என் இரண்டு கைகளின் ஈரம், ஓடுகிறேன், இந்தப் பச்சை இனி வெயிலில் ஆட வேண்டும்.