பல் டாக்டரின் காரை ஓட்டியவர்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலில் ஒன்பது தையல் போட்ட பிறகுதான், கார் வாங்கியே தீருவது என்று அவள் முடிவு செய்தாள். அவள் வேலை அப்படி. படுத்த படுக்கையாக இருப்பவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி போடுவது என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. புதுக் கார் கட்டுப்படியாகாது. சின்னதாக, நடுவழியில் காலை வாரிவிடாத பழைய கார் ஒன்று கிடைத்தால் போதும்.

கணவர் பிடிகொடுக்கவில்லை. இப்போது என்ன அவசரம், மழை நிற்கட்டும் என்றார். பிறகு, காரெல்லாம் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பதினாறு வருடமாக ஒரே அச்சகம். எதையும் நாலு தடவை பார்க்காமல் வாய் திறக்க மாட்டார். இவரை நம்பினால் ஸ்கூட்டரிலேயே கிழவியாக வேண்டியதுதான் என்று நினைத்தவள், அவர் வேலைக்குக் கிளம்பிப் போன ஒரு சனிக்கிழமை காலை, மெக்கானிக்கான தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கார் பார்க்கப் போனாள்.

விற்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அறுபத்தைந்து வயது இருக்கும். கண் பார்வை மங்கி, இனி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். கார் ஐந்து வருடப் பழசு, சாம்பல் நிறம், மைல்டு ஹைபிரிட். அப்படியென்றால் என்னவென்று தம்பி வழியிலேயே விளக்கியிருந்தான். ஓட்டுவதெல்லாம் பெட்ரோல்தான். கிளம்பும்போது ஒரு குட்டி பேட்டரி கை கொடுக்கும், பிரேக் போடும்போது இழந்த சக்தியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

தம்பி பானெட்டைத் திறந்து பார்த்தான். பிறகு துணி விரித்துக் காருக்கடியில் படுத்துவிட்டான். இத்தனை சுத்தமாக வைத்திருக்கிற வண்டியைப் பார்த்து நாளாச்சு என்று அடியிலிருந்தே சொன்னான். எல்லாம் டிரைவர் புண்ணியம் என்றார் டாக்டர்.

அவள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். காரின் திரை வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் போனை அதில் இணைக்கப் போனாள். ஏற்கெனவே இணைந்திருந்த போன்களின் பட்டியல் வந்தது. முதலில் டாக்டரின் பெயர். அதற்குக் கீழே 'தூங்குமூஞ்சி அப்பா'.

போன விடுமுறையில் அவளுடைய மகள் தன் அப்பாவின் போனுக்கு வைத்த பெயர் அது. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர் வாயைப் பிளந்துகொண்டு சோபாவில் தூங்கிவிட்டார் என்று வைத்தாள். அவரும் சிரித்துக்கொண்டே மாற்றாமல் விட்டுவிட்டார்.

ஊரில் எத்தனையோ அப்பாக்கள், எத்தனையோ மகள்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் டாக்டரிடம், இன்னொரு போன் இருக்கிறதே, யாருடையது என்று கேட்டாள்.

"நம்ம டிரைவரோடதும்மா. அஞ்சு மாசமா அவர்தான் ஓட்டுறார். முன்னாடி ஏதோ பிரஸ்ல இருந்தாராம், அதை மூடிட்டாங்களாம். கார் பேப்பரை நகலெடுக்கப் போயிருக்கார், இப்ப வந்துடுவார்."

அவள் கேட்டையே பார்த்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கேட் திறந்தது. காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையில், கையில் ஒரு கோப்போடு அவர் உள்ளே வந்தார். நாலு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். காருக்கடியிலிருந்து தலையை நீட்டிய தம்பி, "மாமா" என்றான். துணியைச் சுருட்டிக்கொண்டு மெல்ல வெளியே வந்தான்.

தூரத்து முகம் தெரியாத டாக்டருக்கு எதுவும் புரியவில்லை. இவர்கள்தான் காரை வாங்க வந்திருக்கிறார்கள், ஒளிவுமறைவு இல்லாமல் விவரம் சொல்லுங்கள் என்றார்.

அவள்தான் கேட்டாள்.

"நம்பி வாங்கலாமா?"

அவர் கோப்பைத் திறந்தார். "எஞ்சினை நம்பலாம். ஒரு குறை இருக்கு. காலையில முதல் தடவை கிளப்புறப்ப பெல்ட் கீச்சுன்னு கத்தும். பேட்டரி மோட்டாரை ஓட்டுற பெல்ட் அது. மாத்திடணும்."

இதை என்னிடம் சொல்லவே இல்லையே என்றார் டாக்டர். சொல்லத்தான் இருந்தேன், நாள் தள்ளிக்கொண்டே போய்விட்டது என்றார் அவர்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னாள். கணவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இரண்டு தெரு தாண்டி ஒரு சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. எதையோ கெடுத்துவிட்டோம் என்று அவள் பதறினாள். இந்தக் கார் அப்படித்தான், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மறுபடி வரும் என்றார்.

அச்சகம் மூடி ஆறு மாதம் என்று சொன்னார். முதல் மாதம் முழுக்க நூலகத்திலும் பூங்காவிலும் உட்கார்ந்திருந்தாராம். அடுத்த வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தாராம். டிரைவர் வேலை கிடைத்த பிறகு, அதைச் சொல்ல வாய் வரவில்லையாம்.

அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. காரை ஓரம் கட்டினாள்.

"நான் விழுந்த அன்னைக்குப் பத்தே நிமிஷத்துல வந்தீங்களே. எப்படி வந்தீங்க?"

"டாக்டரை பேங்க்ல இறக்கிவிட்டுட்டு அடுத்த தெருவுல இருந்தேன்."

"கார் அங்கதான் நின்னுச்சா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"என் கால்ல ரத்தம் நிக்காம கொட்டுது. நடுரோட்டுல உக்காந்து, டாக்ஸிக்கு இருபது நிமிஷம் காத்துக்கிட்டிருந்தோம்."

"ஆமா" என்றார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

எத்தனையோ ஆறாத புண்களைப் பார்த்தவள் அவள். இப்போது எங்கே கை வைப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் டாக்டரிடம், இவர் என் வீட்டுக்காரர் என்று சொன்னாள். டாக்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து, முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீங்கதான் இந்த வேலைக்குப் போகச் சொன்னீங்கன்னாரே. எந்த வேலையா இருந்தா என்னன்னு என் சம்சாரம் தைரியம் சொன்னாள்னு, அவ்வளவு பெருமையாச் சொன்னாரேம்மா."

கணவர் கேட்டிருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். கேட்கத்தான் இல்லை.

காரை அவர்கள் வாங்கினார்கள். தம்பி பெல்ட்டை மாற்றிக் கொடுத்தான். மகளிடம் அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த மாதம் ஒரு பள்ளி வேனுக்கு ஓட்டுநராகச் சேர்ந்தார். கார் இதுவரை ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. ஆனால் போனில் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று அவர் சொன்னால், அதை ஒரு நொடி எடை போட்டுப் பார்க்காமல் அவளால் இருக்க முடிவதில்லை. அவருக்கும் அது தெரியும். அதனால் இப்போதெல்லாம் அவள் கேட்பதற்கு முன்னாலேயே, எந்தத் தெரு, எந்த முனை என்று சொல்லிவிடுகிறார்.