வரைபடத்தில் ஏழு ஓடைகள்

லேக் மார்க்கெட்டுக்குக் காப்பிப்பொடி வாங்கப் போகிறபோதெல்லாம் விஸ்வநாதன் ஏரிப் பூங்காவின் புல்வெளியைக் குறுக்கே கடந்துவிடுவார். ஏழு நிமிஷம் மிச்சம். அந்த ஏழு நிமிஷத்தில் அவர் எதையும் சாதித்ததாகத் தகவல் இல்லை. அவரைப்போல் நாலு பேர் பத்து வருஷம் நடந்ததில், புல்லுக்கு நடுவே வகிடு எடுத்தாற்போல் ஒரு வழுக்கைக் கோடு விழுந்திருந்தது.

பாலிகஞ்சில் ஒரு மரக் கம்பெனியில் அவர் வரைபடக்காரர். வடக்கே மலையடிவாரத்து டூவார்ஸ் காட்டில் அடுத்த வருஷம் மரம் வெட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு அவருடைய வரைபடமும் போகும். 1999 மழைக்காலம் முடிந்து, விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்தன. தண்ணீர் பளபளத்த இடங்களையெல்லாம் பார்த்து, நீல மசியில் ஏழு ஓடைகள் வரைந்தார்.

"ஓய் விஸ்வநாதன், போன வருஷம் ஒரே ஓடைதானே இருந்தது? மீதி ஆறு எங்கேர்ந்து வந்தது?" என்றார் மேனேஜர் சந்தானம்.

"மழை நன்னா பெஞ்சிருக்கு போல சார்."

காட்டிலிருந்து வந்திருந்த சூப்பர்வைசர் சிவராஜ், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பையன், சிரித்துவிட்டான். "அந்த ஆறு கோடும் ஓடை இல்ல சார். நாம மரத்தை இழுத்துட்டுப் போன தடம்."

"அனுமதி வாங்கிக் குறி போட்ட மரத்தைத்தானேப்பா வெட்டினோம்? ஒண்ணுகூட அதிகமில்லையே?" என்று விஸ்வநாதன் கேட்டார்.

"மரத்துல தப்பில்ல சார். டிராக்டர் போன எடமெல்லாம் மண்ணு சிமெண்டா இறுகிப்போச்சு. தண்ணி இறங்கல, ஓடுது. வெதை விழுந்தா முளைக்கல. மேல்மண்ணு பூரா ஓடைக்குப் போயி, கீழ ஊருல ஜனங்க குடிக்கிற தண்ணி டீ கலருல வருது."

"அதெல்லாம் வேண்டாம், தெரிஞ்சா அனுமதி கிடைக்காது. கறுப்புல புள்ளி வெச்சு ஒத்தையடிப்பாதைன்னு போடும். நாளைக்கு அனுப்பணும். இல்லேன்னா நீர் வேற வேலை தேடிக்கலாம்!" என்று சந்தானம் முடித்துக்கொண்டார்.

மரக்கணக்கு சரி, காடு மட்டும் எப்படித் தப்பாகும்? இந்தக் குழப்பத்தோடேயே மறுநாள் காலை, ராத்திரி பருவம் தவறிப் பெய்த மழை விட்டதும், காப்பிப்பொடிக்குக் கிளம்பினார். புல்வெளி தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. வழுக்கைக் கோட்டில் மட்டும் தண்ணீர் சேறாக ஓடிக்கொண்டிருந்தது. கால் வைத்தார், அடுத்த கணம் அந்த ஓடையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து கிலோ மனுஷன் செருப்புக்காலோடு நடந்ததற்கே இது. இரண்டு டன் மரம்?

சேறு காயாத பேண்ட்டோடு ஆபீஸ் போனவர், நீலக் கோடுகளில் கைவைக்கவில்லை. அந்த ஆறு கோடுகளின் பக்கத்திலும் 'மரம் இழுத்த தடம்' என்று எழுதி நீட்டினார்.

"எத்தனை மரம் வெட்டினோம்னு எண்ணினா மட்டும் போறாது சார். எந்த வழியா இழுத்தோம்னும் எண்ணணும். மரம் திரும்ப வளரும். மண்ணு செத்துட்டா எதுல வளரும்?"

சந்தானம் வரைபடத்தையும் பேண்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் புரியாத முகம். சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்: "சிவராஜ், நெஜமா எத்தனை தடம்ப்பா வேணும்?"

"முன்கூட்டியே குறிச்சு வெச்சா ரெண்டு போதும் சார்."

"அப்ப மீதி நாலு எதுக்குய்யா?"

"குறுக்கு வழி சார்."

விஸ்வநாதன் தன் பேண்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சந்தானம் ஒரு பெருமூச்சோடு வரைபடத்தின் ஓரத்தில், 'இனி இரண்டு தடம் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.