சகலைகள் பேசிக்கொண்ட வாரம்

சகலைகள் இருவரும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அக்காவைக் கட்டியவர் மூத்தவர். தங்கையைக் கட்டியவர் இளையவர். வேலை ஒரே சலவைக்கூடத்தில், ஒரே அறையில், ஒரே விரிப்பின் இரண்டு முனைகளில்.

மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வரும். பெரிய விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து உதறி, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எப்படியும் அறுநூறு தடவை இருவர் முகமும் ஒரு சாண் தூரத்துக்கு வந்து போகும். அறுநூறு தடவையும் மூத்தவர் இளையவரின் இடது காதைப் பார்ப்பார். இளையவர் மூத்தவரின் சட்டைப் பொத்தானைப் பார்ப்பார்.

ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் மூத்தவரின் மனைவி வழியாகப் போகும். அதே அறையில் கட்டுகளுக்குச் சீட்டு எழுதுபவள் அவள்.

"அண்ணி, இதுல கறை போகலன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பார் இளையவர்.

அவள் மூன்றடி தள்ளி நிற்கும் கணவரிடம், "கறை போகலையாம்" என்பாள்.

"போகாதுன்னு சொல்லு" என்பார் கணவர்.

இரண்டு பேர் சேர்ந்தால்தான் நடக்கும் வேலைகளைப் பற்றி ஒரு புத்தகம் வரப்போகிறது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் புகைப்படக்காரப் பெண் ஒருத்தி கேமராவோடு வந்தாள். முதலாளி ஐந்து நாள் அனுமதி கொடுத்திருந்தார்.

"நான் இங்க இல்லவே இல்லன்னு நெனச்சுக்குங்க" என்றாள். "எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க."

அப்படியே இருந்தார்கள். பத்து மணிக்கு அவள் கேமராவை இறக்கினாள்.

"என்னைப் பாத்து கூச்சப்படாதீங்க. வழக்கம்போல பேசிக்கிட்டே மடிங்க."

வீட்டுச் சண்டை புத்தகத்தில் அச்சாவது இருவருக்குமே பிடிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் இருவருக்கும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். நல்லவேளையாக நான்கு டிரையர்கள் ஓடும் இரைச்சலில், ஒரு சாண் தூரத்தில் பேசினால்தான் காதில் விழும். வாய் அசைந்தால் போதும். மூத்தவர் மூலையைச் சேர்க்க வந்தபோது, முகத்தை மலர வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஓரெட்டு எட்டு."

இளையவர் ஒரு விநாடி யோசித்தார். புரிந்தது.

"ஈரெட்டு பதினாறு" என்றார், தலையை ஆட்டி ஆட்டி.

கேமரா சடசடவென்று அடித்தது.

செவ்வாய் மதியம் பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள்.

"பதிமூணேழு எண்பத்தொண்ணு" என்றார் மூத்தவர்.

"தொண்ணூத்தொண்ணு."

"எண்பத்தொண்ணு."

"தொண்ணூத்தொண்ணுண்ணே."

அண்ணே என்றது வாய் தவறி வந்துவிட்டது. மூத்தவர் விரிப்போடு நின்றார். கேமரா பக்கத்தில் இருந்ததால் சிரிப்பை மட்டும் கலைக்கவில்லை.

"இப்ப மட்டும் அண்ணன் ஞாபகம் வருதாக்கும்?"

"உங்களுக்குத்தான் ஞாபகம் கம்மி. குடும்பமே உக்காந்து சாப்பிடறப்ப என்னை ஒட்டுண்ணின்னு சொன்னீங்களே, அதுவும் மறந்துபோச்சா?" இளையவர் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார்.

"மறக்கல. சொன்னேன். அன்னிக்கு எனக்குப் பல்வலி."

"ஒம்போது வருஷமாவா?"

"பல்லைப் பிடுங்கி எட்டு வருஷம் ஆச்சு."

"அப்ப வந்து பேசியிருக்கலாம்ல?"

"நீ வருவேன்னு பாத்தேன்."

புதன், வியாழன் இரண்டு நாளும் அதே கதைதான். ஒன்பது வருடத்துப் பாக்கியை எல்லாம் இளித்தபடியே தீர்த்துக்கொண்டார்கள். கேமரா இருப்பதால் குரலை உயர்த்த முடியாது. கையில் விரிப்பு இருப்பதால் பாதியில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. வேறு வழியில்லாமல் ஒருவர் சொன்னதை மற்றவர் கடைசிவரை கேட்க வேண்டியதாயிற்று.

வியாழனன்று மூத்தவர், "எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீ எட்டிக்கூடப் பாக்கல" என்றார்.

"வரவான்னு அண்ணிகிட்ட கேட்டேனே. நான் வரவே கூடாதுன்னு நீங்க சொன்னதா சொன்னாங்க."

"நான் எங்க சொன்னேன்?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவரின் மனைவி என்றுமில்லாத அக்கறையோடு சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கணவர் பக்கத்தில் போய்க் கேட்டதும் நிமிராமலே பதில் சொன்னாள்.

"வந்தா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி தையல் பிரிஞ்சிட்டா யாரு பாக்கறது? நான்தானே?"

வெள்ளிக்கிழமை புறப்படும் முன் புகைப்படக்காரப் பெண் படங்களைக் காட்டினாள். முகத்தில் திருப்தி இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. செவ்வாய்க்கிழமையிலேருந்து நீங்க எனக்காக நடிக்கறீங்க. இவ்வளவு சிரிச்சுக்கிட்டு யாருமே வேலை செய்ய மாட்டாங்க."

சகலைகள் மறுக்கவில்லை.

புத்தகத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு எடுத்த படம். அதில் மூத்தவர் காதைப் பார்த்தார், இளையவர் பொத்தானைப் பார்த்தார்.

"இதுதான் உண்மை. எவ்வளவு நெருக்கம் பாருங்க. பேச்சே தேவைப்படல."

"ஆமாங்க" என்றார் இளையவர். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை கேமரா இல்லை. சிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சிரிக்காமல் எப்படிப் பேசுவது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. பத்து விரிப்புகள் சத்தமில்லாமல் மடிந்தன. பதினோராவதில் மூத்தவர் கையிலிருந்த மூலையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

"என்னது?" என்றார் இளையவர்.

மூத்தவர் பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? அவர் அங்கதானே நிக்கறார்."

"உன்னை அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னேன்" என்று மூத்தவர் கத்தினார். கட்டு தூக்க வந்த வண்டிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

இளையவர் மூலைகளை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த விரிப்பை எடுக்கப் போனார். கூடைக்குள் குனிந்தபடிதான் பதில் சொன்னார்.

"சரிண்ணே."

மதியம் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒரு சண்டை வந்தது. நேருக்கு நேராகவே போட்டுக்கொண்டார்கள்.