பாதலுக்கு எந்த விரிப்பு

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ஆபீஸில் ஒருவர் போக முடியாமல் கொடுத்த பாஸை வைத்துக்கொண்டு, சாணக்யபுரிப் பக்கம் நடந்த, குதிரைகள் கட்டை தாண்டும் போட்டிக்குப் போனேன். குதிரையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. லாயத்துப் பக்கம் ஒரு பெண்குரல் தமிழில் கேட்டது: "ஒதறாத சாமி. கொஞ்சம் நில்லு."

குதிரையும் நின்றது. கரோல் பாக்கில் என் வீட்டில் நான் தமிழில் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பொறாமையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

'தில்லிக் குளிரின் இளவெயிலில் ஒரு வெண்புரவி…'

(அடித்துவிட்டேன். அந்தக் குதிரை, பாதல், பழுப்பு நிறம்.)

அடுத்த வரைவில், லாயத்தில் குரல் கேட்ட அந்த இந்திராணி, இருந்த இரண்டு விரிப்புகளில் தடிமனானதை ஆசையாக எடுத்துப் பாதலின் முதுகில் போட்டாள். அன்று வாங்கி வந்த நம்பருக்குப் போன் போட்டு அவளுக்கே படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"மெத்தையாட்டம் இருந்தா சொகம்னு யாரு சொன்னா உங்களுக்கு? மெல்லிசு நம்தா* மேல வெச்சுத்தான் இந்தச் சேணத்துக்கு அளவு பாத்தாங்க. தடிசாப் போட்டா, அளவா தச்ச ஜாக்கெட்டுக்குள்ள ஸ்வெட்டரு போட்ட மாதிரி. தோளப் புடிக்கும். அது வாயத் தொறந்து சொல்லுமா?"

(* சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பு. இதுகூடத் தெரியாமல்தான் இரண்டு வரைவு எழுதியிருக்கிறேன்.)

அன்று போட்டியில் என்ன ஆயிற்று என்று அவளிடம் கேட்கவில்லை. இனி வருவது என் சொந்தச் சரக்கு.

3

இந்திராணி கள்ளக்குறிச்சிக்காரி. சித்தாளாகத் தில்லிக்கு வந்து லாயத்தில் ஒட்டிக்கொண்டவள். ஆறு வருடமாகப் பாதல் அவள் பொறுப்பு. மகள் இந்தியில்தான் பதில் சொல்வாள், அதுவும் போனைப் பார்த்துக்கொண்டே. அதனால் அவளுடைய புலம்பல், கொஞ்சல், ஊர்வம்பு எல்லாம் பாதலிடம்தான்.

பாதலின் சொந்தக்காரி மஞ்சு மேடம் வெளிநாடு போகிறாள். வாங்குவதற்கு ஜெய்ப்பூரிலிருந்து ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாதல் நன்றாகத் தாண்டினால் இன்றே வண்டி ஏறிவிடும். சொதப்பினால் அவர் வேறு குதிரை பார்ப்பார்; பாதல் இங்கேயே இருக்கும்.

"இரண்டில் எதையாவது போடு, பளிச்சென்று இருந்தால் சரி. ஜல்தி" என்று மேடம் இந்தியில் சொல்லிவிட்டுப் போகிறாள்.

தங்கக் கரை வைத்த புதிய தடிமன் விரிப்பு ஒன்று. நீலம் போட்டு அலசிய பழைய மெல்லிசு ஒன்று. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் புதியதைப் போட்டபோது பாதல் ஒவ்வொரு கட்டையின் முன்னும் காதை மடக்கி நின்றுவிட்டது. ஏன் என்று இந்திராணிக்கு மட்டும் தெரியும். இன்று அதையே போட்டால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

4

முதல் முடிவு. 'தடிமன் விரிப்பை எடுத்தவள், பாதலின் தோள்மேட்டைத் தடவிப் பார்த்து, பிறகு…'

நான்கு நாள் தள்ளிப் பார்த்தேன். வாக்கியம் நகரவில்லை. அவளுக்குப் பாதல் வேண்டும். அதைத் தெரிந்துகொண்டே அவள் கையை நான் பிடித்து அந்த விரிப்பின் பக்கம் தள்ளியிருக்கிறேன். கேவலம்தான்.

இரண்டாம் முடிவை அவளே செய்துகொண்டாள். மெல்லிசை முதுகில் சற்று முன்னால் போட்டு, மயிர் படியும்படி பின்னால் இழுத்தாள். சேணத்தை வைத்து, விரிப்பை அதன் நடுப்பள்ளத்துக்குள் தூக்கிவிட்டு, தோள்மேட்டின் மேல் காற்று போக இடம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். வாரை இறுக்கினாள்.

"நல்லாத் தாண்டு, சாமி" என்றாள்.

5

அதற்கப்புறம் ஒரு வரியும் எழுதவில்லை. மணி அடித்துவிட்டது. இந்திராணி மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலிக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். அவளுக்குப் பார்க்க மனசில்லை. எனக்கும் இல்லை. நீங்கள்தான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"தாண்டுதா?" என்று கேட்கிறாள்.

எதைச் சொன்னாலும் அவளுக்கு வலிக்கும். சொல்லுங்கள்.