குச்சியில் செதுக்கிய அண்ணன்

"அப்ப நீ அடுப்புல வெச்சது அண்ணனையாம்மா?"

பொன்னாயி பதறிப்போய்ச் சாம்பலைக் கிளறினாள். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிதான் குன்னூர்த் தோட்டத் தொழிலாளர் லயத்தில் விறகு. அதில்தான் மகள் சின்னம்மை குடும்பத்தையே பொம்மைகளாகச் செதுக்கி, தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் உடுப்பு மாட்டியிருந்தாள். புதுச்சட்டை மாட்டலாமென்று அண்ணன் செல்லையாவை மட்டும் உரித்து வெறுங்குச்சியாக வைத்திருந்தாள்.

அவளுடைய சோப்புப்பெட்டிக் கப்பலில் அண்ணன் தினமும் வந்து இறங்குவான். இலங்கையிலிருந்து எல்லோரும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, நிஜ அண்ணன் மட்டும் சித்தப்பாவின் இலங்கைக் குடியுரிமை விண்ணப்பத்தில் பெயர் சேர்ந்திருந்ததால் கண்டியிலேயே நின்றுவிட்டான்.

"வேற ஒண்ணு செஞ்சுக்க புள்ள."

"மூஞ்சி மறந்துபோச்சும்மா. அந்தக் குச்சியப் பாத்துத்தான் ஞாபகம் வெச்சிருந்தேன்."

"அந்த மூஞ்சி இப்ப அவனுக்கே இருக்காதுடி. மீசை மொளச்சிருக்கும்."

சின்னம்மை இன்னொரு குச்சியை எடுத்தாள். கத்தி அசையவில்லை. பார்க்காத மீசையை எப்படிச் செதுக்குவது, நீங்களாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?