ஐஸ் தண்ணீர் விழுந்த இடம்

முனீப் மீன் ஏற்றும் தன் வானை ஜக்கில் தூக்கி, கட்டை வைத்து, மல்லாந்து படுத்தபடி அடியில் நகர்ந்தான். மாரியிலேயே கத்தத் தொடங்கிய வான் அது. அப்போது புகைக்குழாயில் ஒரு தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டிச் சமாளித்தான். இப்போது இறக்கக்கண்டி ஊரே அதிர்ந்தது. நேற்று டவுனில் புதிய சைலன்சர் வாங்கியபோது கடைக்காரர் ரஞ்சன் சொன்னார்: 

"பின்பெட்டிக்குள்ள ஆக்களை ஏத்திப்போடாதேங்கோ தம்பி. இந்தப் புகையில மணமே இல்லாத நஞ்சு ஒண்டு இருக்கு. நித்திரை மாதிரிக் கிடப்பான். செத்தபிறகும் முகம் சிவந்துதான் இருக்கும்."

முனீப் மிச்சக் காசை வாங்க மறந்து வந்துவிட்டான்.

இறந்துபோன தம்பி ஹஸ்மியின் மையத்தைக் குளிப்பாட்டியவர்களில் அவனும் ஒருவன். கன்னம் இரண்டும் ரோசாப் பூவாக இருந்தன. பார்த்தவர்கள் எல்லாம், நல்ல மௌத்து, முகத்தைப் பாருங்கள் என்றார்கள்.

வீட்டுக்குள் உம்மாவின் குரல் கேட்டது.

"நாளைக்குப் போறவ இண்டைக்கு என்னத்துக்கு அடுப்படிக்கு வாற? இந்த வீட்டில இன்னும் ரெண்டு பேர் உயிரோட இருக்கிறம்."

அந்தப் பேச்சு ஹஸ்மியின் மனைவி சுஹைராவுக்கு. கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா இருப்பதால் நாலு மாதமும் பத்து நாளும் மச்சான் முனீப்பின் கண்ணில் படாமல் ஜன்னல் திரைக்குப் பின்னால்தான் இருந்தாள். இன்றோடு அது முடிகிறது. நாளை அவளோடு கூடப்பிறந்த காக்கா மூதூரிலிருந்து வந்து கூட்டிப்போவார். மூன்று வயது ஷிஃபானா மட்டும் இங்கே நிற்பாள். நஞ்சு கொடுத்தவளிடம் பிள்ளையைக் கொடுக்க ஏலாது என்று உம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். அதற்குச் சுஹைராவே தலையாட்டியதுதான் முனீப்புக்குத் தாங்கவில்லை. அவள் சமைத்த சூரை மீனைச் சாப்பிட்ட பிறகுதான் ஹஸ்மி வாந்தியெடுத்தான். தன் கைதான் அவனைக் கொன்றது என்று அவளும் நம்பினாள்.

நட்டுகள் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு ஸ்பனரைத் திருப்பினான். ஒன்று முறிந்தது. மற்றதை இரும்பறுக்கும் வாளால் அறுத்தான். துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. கம்பியை வெட்டித் தகரத்தைக் கழற்றியபோது, குழாயின் மேற்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

மேலே பார்த்தான். நேர் மேலே பெட்டியின் தரையில் ஒரு துளை. ஐஸ் கரைந்த தண்ணீர் வடிய அவனே ட்ரில்லால் போட்ட துளை. இரண்டு வருடமாக மீன் உப்பு அதன் வழியே ஒழுகிக் குழாயைத் தின்றிருக்கிறது. துளையைச் சுற்றிக் கரி தடித்துப் படிந்திருந்தது. விரலால் தொட்டான். அது இன்று நேற்றுப் படிந்த கரியல்ல.

அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஹஸ்மியைப் பாயோடு தூக்கி, தலையை அந்தத் துளைப் பக்கமாக வைத்துத்தான் கிடத்தினார்கள். மழைக்குப் பின்கதவை இறுக்கிச் சாத்தியது முனீப். சாம்பல்தீவுப் பாலத்தடியில் வெள்ளம். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்று ஒரு மணித்தியாலம் ஓடவிட்டே நின்றான். முன்னால் இருந்த உம்மா பெட்டிக்கு நடுவிலிருந்த தகரத்தில் தட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. "அசந்துபோய்க் கிடக்கிறான், தூங்கட்டும்" என்றாள். பிறகு ஆஸ்பத்திரியில், மையத்தை வெட்டவேண்டாம், மீன்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அழுது சொன்னதும் அவள்தான்.

முனீப் வெளியே வந்து கைக்கரியை மணலில் துடைத்தான்.

"உம்மா, இங்க ஒருக்கா வாங்க."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் குழாயைக் காட்டினான். துளையைக் காட்டினான். ரஞ்சன் சொன்னதைச் சொன்னான். உம்மா குனிந்து அந்தக் கரியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

"புதுசைப் பூட்டு மகன். இதைக் கடல்ல எறி."

"உம்மா—"

"ஒருத்தன் போயிட்டான். உன்னையும் பொலிசுக்குக் குடுக்கச் சொல்றியா? அவ வயசுப் பிள்ளை, மூதூரில இன்னொரு கலியாணம் செய்வா."

ஜன்னல் திரை அசைந்தது.

"மச்சான்." சுஹைராவின் குரல் மிக மெதுவாக வந்தது. "அவர் அண்டைக்கு ரெண்டு தரம்தான் சத்தியெடுத்தவர். பிறகு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சவர். வானில ஏத்தும்போது என்னைப் பார்த்துச் சிரிச்சவர். அதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல."

முனீப் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தங்கச்சி, துளை போட்டது நான். கதவைச் சாத்தினதும் நான்."

"வாயை மூடு!" என்றாள் உம்மா. பிள்ளை பயந்து அழுதது. அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். "தூங்கட்டும் எண்டு சொன்னது நீயில்ல" என்று வானைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பிள்ளையோடு வேலியோரம் போய் நின்றுகொண்டாள்.

புதிய குழாயைப் பூட்டி முடிக்க அசருத் தொழுகை நேரமாகிவிட்டது. கடைசியாகத் துளையை ஒரு தகரம் வைத்து ஆணியடித்து மூடினான். எஞ்சினை எடுத்தபோது பழைய சத்தமே இல்லை. திரைக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது வாசல்வரை கேட்டது.

எஞ்சினை நிறுத்தினான். பழைய குழாயை இரண்டு கையாலும் தூக்கி வந்து, ஓட்டை மேலே தெரியும்படி அவளுடைய ஜன்னலுக்குக் கீழே வைத்தான்.

"நாளைக்கு உங்கட காக்கா வந்ததும் இதைக் காட்டுங்க. நானும் பக்கத்தில நிப்பன்" என்றான். "பிள்ளையின்ட உடுப்பையும் எடுத்து வையுங்க."